கல்லடி ஜிம்: எந்தச் சாமான் யாருக்கு

முதலில் வாங்கிய நான்கு ட்ரெட்மில்லில் ஒன்றுகூட இப்போது எங்கள் ஜிம்மில் இல்லை. ஒன்று கருகியது. மூன்றை வீடுகளுக்கு விற்றேன், நட்டத்துக்குத்தான். மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ ஜிம் தொடங்கும் யோசனையில் இருப்பவர்கள் சாமான் பட்டியல் எழுத முதல் இந்தக் கணக்கைப் பார்த்துவிட வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் இடம் மட்டக்களப்புக் கல்லடியில். கடலுக்கு ஐந்து நிமிட நடை. முன்பு தளபாடக் கடையாக இருந்த கீழ்த்தள மண்டபம், ஏறத்தாழ 1,400 சதுர அடி, ஒற்றை பேஸ் 30 அம்பியர் மின் இணைப்பு. 2021 கடைசியில் வாடகைக்கு எடுத்தபோது கொழும்பில் பார்த்த ஜிம்கள்தான் என் மனதில் இருந்தன. வீதியில் போகிறவர்களுக்குக் கண்ணாடி வழியே ட்ரெட்மில் வரிசை தெரிந்தால்தான் ஆட்கள் உள்ளே வருவார்கள் என்று விற்றவர் சொன்னார். கையில் இருந்த காசில் பாதி அந்த வரிசைக்கே போனது. யார் வரப்போகிறார்கள், எத்தனை மணிக்கு வருவார்கள், எதற்காகக் காசு தருவார்கள் என்று அன்று நான் யோசிக்கவே இல்லை.

அப்புறம் 2022 வந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை கறண்ட் வெட்டினார்கள். பின்னேரம் ஆட்கள் வருவார்கள். ட்ரெட்மில் நான்கும் திரை கறுத்து நிற்கும். கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு, ரோர்ச் வெளிச்சத்தில் பார் (பாரத் தட்டு மாட்டும் இரும்புத் தண்டு) தூக்கினோம். பெற்றோல் கிடைக்காத மாதங்களில் வாவிக்கு அக்கரையில் உள்ள படுவான்கரைப் பக்கமிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் நின்றுபோனார்கள். நடந்தும் சைக்கிளிலும் வரக்கூடிய கல்லடி, நாவற்குடா, நொச்சிமுனை ஆட்கள்தான் ஜிம்மைக் காப்பாற்றினார்கள். கறண்ட் வேண்டிய சாமான் எது, வேண்டாதது எது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு அப்போது வந்தது. காற்றுத் தடையில் ஓடும் சைக்கிளுக்கும் துடுப்பு மெஷினுக்கும் பிளக் தேவையில்லை. திரைக்கு ஒரு பற்றரி போதும். பாரும் தட்டும் எதையும் கேட்பதில்லை.

கறண்ட் ஒழுங்காக வந்த பிறகுதான் ட்ரெட்மில்லின் உண்மையான குறை தெரிந்தது. பெட்டியில் 4 ஹோர்ஸ்பவர் என்று பெரிதாக அச்சடித்திருந்தது. அது உச்ச வலு, கொஞ்ச நேரம் மட்டும் இழுக்கக்கூடியது. தொடர்ந்து இழுக்கும் வலு உள்ளே ஒட்டியிருந்த சிறிய தகட்டில் இருந்தது, ஏறத்தாழ பாதி. அதே தகட்டில் 'எச்' என்ற எழுத்தும் இருந்தது. நிலையாக வைத்துப் பாவிக்கும் உடற்பயிற்சிச் சாமான்களுக்கான ஐ.எஸ்.ஓ. 20957 தரத்தில் 'எச்' என்றால் வீட்டுப் பாவனை, 'எஸ்' என்றால் ஜிம் போன்ற பொது இடப் பாவனை. வீட்டில் நாளுக்கு ஒரு மணி நேரம் ஓடுவதற்காகச் செய்த மெஷினை நான் ஆறேழு மணி நேரம் ஓட்டியிருக்கிறேன். ஜிம்மில் பாவித்தால் உத்தரவாதம் செல்லாது என்பது கையேட்டிலேயே இருந்தது.

கருகிய மெஷினின் பெல்ட்டுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தேன். சிலிக்கோன் எண்ணெயின் வழுவழுப்பு இருக்க வேண்டிய இடத்தில் விரல் நறநறத்தது. மணல். கல்லடியில் வீட்டு முற்றமே மணல்தானே. சப்பாத்தில் ஒட்டி வந்து பெல்ட்டுக்கும் பலகைக்கும் நடுவே புகுந்து அரம்போல் தேய்த்திருக்கிறது. உரசல் கூடினால் மோட்டார் கூடுதல் அம்பியர் இழுக்கும். அந்தச் சூட்டில் கன்ட்ரோல் போர்ட் போனது. அன்றிலிருந்து வாசலில் இரண்டு பெரிய தும்புக் கால்மிதி, உள்ளே பாவிக்கத் தனிச் சப்பாத்து, மாதம் ஒருமுறை பெல்ட்டுக்கு அடியில் கை. சாதாரண துருநீக்கி எண்ணெயை அங்கே விசிறக் கூடாது. அது பெல்ட்டைக் கெடுக்கும். சிலிக்கோன் எண்ணெய் மட்டும்தான்.

இன்னொரு தொல்லை, மின் கசிவு கண்டால் கறண்டை அறுக்கும் ட்ரிப் சுவிட்ச். நான்கு ட்ரெட்மில்லும் ஏசியும் ஒன்றாக ஓடினால் சில நாட்களில் மண்டபம் முழுக்க இருண்டுவிடும். அதைக் கழற்றிவிட்டு நேரே கொடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். வியர்வைக் கையோடு இரும்பைப் பிடிக்கும் இடத்தில் அதைச் செய்யவே கூடாது. எங்கள் வயரிங் அண்ணன் கசிவு அளக்கும் கிளாம்ப் மீற்றரைக் கொண்டு வந்து ஒவ்வொரு மெஷினாக அளந்தார். எதிலும் பழுது இல்லை. ஆனால் மோட்டாரை எலெக்ட்ரோனிக்ஸ் மூலம் ஓட்டும் எந்த மெஷினும் சில மில்லி அம்பியரை எர்த்துக்கு விடும். ட்ரிப் சுவிட்ச்சில் 30 மில்லி அம்பியர் என்று எழுதியிருந்தாலும் அதில் பாதியைத் தாண்டினாலே அது விழலாம். ஐந்து மெஷினின் சிறு கசிவுகள் சேர்ந்து அந்த இடத்தைத் தொட்டிருக்கின்றன. "ஒவ்வொண்டும் நல்லது தம்பி, கூட்டம்தான் கூடிப்போச்சு" என்றார். சுற்றுகளைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி ட்ரிப் சுவிட்ச் போட்டார், எலெக்ட்ரோனிக் சுமைக்கு ஏற்ற 'ஏ' வகை. அதோடு தொல்லை நின்றது.

அவர் போட்டுக் காட்டிய மற்றக் கணக்கு எனக்கு இன்னும் பெரிதாகப் பட்டது. ஜிம்மில் தாக்குப்பிடிக்கும் 3 ஹோர்ஸ்பவர் ட்ரெட்மில் முழுச் சுமையில் ஏறத்தாழ 2,200 வொட், அதாவது 230 வோல்ட்டில் 10 அம்பியருக்குக் கிட்ட. நான்கும் முழுச் சுமையில் ஓடினால் 40. எங்கள் இணைப்பு 30. தரமான ட்ரெட்மில்லாகவே நான்கு வாங்கியிருந்தாலும் அந்த மண்டபம் அவற்றைத் தாங்கியிராது. கடைக்குப் போக முதல் மீற்றர் பெட்டியைத் திறந்து பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகுதான் ஒரு 40 பக்கக் கொப்பி வாங்கினேன். இரண்டு வாரம், எந்தச் சாமானுக்கு முன்னால் ஆள் காத்து நின்றாலும் அதன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கோடு, நேரத்தோடு. முடிவில் பெஞ்ச் பக்கம் கோட்டால் நிரம்பியிருந்தது. அதற்கு அடுத்தது கம்பியை இழுத்துப் பாரம் தூக்கும் கேபிள் மெஷின், பிறகு பாரைத் தாங்கி நிற்கும் இரும்புச் சட்டமான ஸ்குவாட் ராக். ட்ரெட்மில்லுக்கு எதிரே ஐந்தாறு கோடு, அதுவும் பின்னேரம் ஆறு மணிக்கு மட்டும். நடப்பதற்கு இங்கே கடற்கரை இருக்கிறது, பாலம் இருக்கிறது. அதற்கு யாரும் மாதக் கட்டணம் தருவதில்லை. வெளியே கிடைக்காதது பாரமும் அதைத் தூக்கச் சொல்லித் தரும் ஆளும்தான்.

கொப்பியில் இன்னொன்றும் தெரிந்தது. எங்கள் கதவுக்குள்ளே மூன்று வேறு வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. பின்னேரத்தில் மாதக் கட்டணம் கட்டும் பொடியன்கள். காலை ஒன்பதரைக்கு அக்கா நடத்தும் பெண்கள் வகுப்பு. பதினொன்றுக்குப் பிறகு முழங்கால் வருத்தம், சீனி வருத்தம் உள்ள வயதானவர்கள், ஒவ்வொருவராக. மூன்றையும் ஒரே சாமானால் ஓட்டப் பார்த்திருக்கிறேன்.

மாதக் கட்டண ஜிம்மில் நாங்கள் விற்பது இடமும் நேரமும்தான். நெரிசலான ஒன்றரை மணி நேரத்தில் யாரும் கை கட்டி நிற்கக் கூடாது. பயிற்சியாளர் எல்லோர் பக்கத்திலும் நிற்க முடியாது. அதனால் தவறாகப் பாவித்தாலும் தாங்கும் சாமான் வேண்டும். ஒரே வேலைக்கு மூன்று மெஷின் வாங்குவதை நிறுத்தினேன். நெஞ்சுக்கென்று இருந்த தனி மெஷினை விற்று, சாய்வு மாற்றக்கூடிய பெஞ்ச் மூன்றும் இன்னொரு ராக்கும் சேர்த்தேன்.

அந்த ராக்கை நாங்களே செய்வித்தோம். ஆரையம்பதிப் பக்கம் ஒரு வெல்டிங் கடை. 75 மில்லிமீற்றர் சதுரப் பொக்ஸ் பார், 3 மில்லிமீற்றர் தடிப்பு. தூண்களை வெல்டிங்கில் ஒட்டிய பிறகு துளை போட்டால் இரண்டிலும் உயரம் ஒத்து வராது. இரண்டு தூணையும் ஒன்றாகக் கட்டி வைத்து, 50 மில்லிமீற்றருக்கு ஒரு துளை என்று ஒரே தடவையில் துளைத்தோம். துளை விளிம்புகளை நான் இருந்து அராவினேன், அது கையைக் கிழிக்கும். அடியும் நுனியும் மூடி ஒட்டினோம். திறந்து விட்டால் உள்ளே உப்புக் காற்று போய், வெளியே தெரியாமல் அரிக்கும். அன்டிகொரசிவ் இரண்டு பூச்சு, அதன் மேல் எனாமல். பெயின்ட் காய்ந்த பிறகும், சோதித்து முடியும்வரை யாரையும் தொட விடவில்லை. பாரில் 200 கிலோ ஏற்றி, கை நழுவினால் பாரைத் தாங்கும் பாதுகாப்புக் குழாய்களின் மேல் வைத்து ஓர் இரவு முழுக்க விட்டேன். காலையில் நூல் பிடித்துப் பார்த்தேன், வளைவு இல்லை. அதன் பின் 100 கிலோவை ஒரு சாண் உயரத்தில் இருந்து பத்துத் தடவை விழவிட்டு, ஒட்டு ஒவ்வொன்றையும் ரோர்ச் அடித்துப் பார்த்தேன். ஓரிடத்தில் மயிரிழை வெடிப்பு. அதை அராவி மீண்டும் ஒட்டினார்கள், பரிசோதனையை முதலிலிருந்து செய்தோம். ராக் செய்விக்கிறவர்கள் இந்தப் படியைத் தாண்ட வேண்டாம். அந்தக் குழாய்க்குக் கீழே ஒரு பிள்ளையின் கழுத்து இருக்கப் போகிறது.

பார் விடயத்தில் கடலோடு வாதாட முடியாது. முதலில் வாங்கிய கறுப்புப் பூச்சுப் பார் நான்கு மாதத்தில் செம்மண் நிறமானது. அந்தப் பூச்சு உலர்ந்த ஊருக்குச் சரி, கல்லடிக்குச் சரிவராது. கடினக் குரோம் பூசியது அதைவிட நின்றுபிடிக்கிறது. ஒரு பார் மட்டும் துருப்பிடியா உருக்கில் எடுத்தேன், விலை கூடத்தான், ஆனால் இன்றும் வெள்ளி மாதிரி இருக்கிறது. கை நழுவாமல் பூசும் சோக் ஈரத்தைப் பிடித்து வைக்கும். இரவில் பூட்ட முதல் நைலோன் பிரஷ்ஷால் அதைத் தட்டிவிட்டு, எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு. கறள் ஏறிய பிறகு தேய்ப்பதைவிட இது லேசு. பொது ஜிம்முக்கு நுனி சுழல வெண்கலப் புஷ் (வளையம்) உள்ள பார் போதும், பெயரிங் போட்டதற்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. பெஞ்ச் றெக்ஸின் கிழிந்தால் கொழும்புக்கு அனுப்ப வேண்டாம். ஓட்டோ சீற் தைக்கிற கடையில் கொடுங்கள். வெயிலும் மழையும் தாங்குகிற றெக்ஸின் அவர்களிடம்தான் இருக்கிறது.

கேபிள் மெஷினைப் பாவித்ததாக வாங்கினேன், மூடிய ஒரு ஜிம்மில் இருந்து. எஸ் வகை, நல்ல உடம்பு. கேபிள்களை மட்டும் வந்த அன்றே மாற்றினேன். கறுப்பு நைலோன் உறை முழுதாகத்தான் தெரிந்தது. பழைய கேபிளை வெட்டிப் பார்த்தபோது, நுனிப் பந்துக்குப் பக்கத்தில் உறையில் நகக்கீறல் அளவு வெடிப்பு, அதற்குள்ளே கம்பி இழைகள் பொடிப்பொடியாக. கடற்கரை ஊரில் கேபிள் உள்ளிருந்துதான் சாகிறது. இப்போது ஒவ்வொரு வெள்ளியும் விரலால் முழு நீளத்தையும் வருடிப் பார்க்கிறேன்.

பெண்கள் வகுப்புக்கு வருகிறேன். முதலில் 1 கிலோவிலிருந்து 10 கிலோவரை ஒவ்வொரு சோடி டம்பெல் வாங்கிக் கொடுத்து, எல்லா அளவும் இருக்கிறதே என்று திருப்திப்பட்டேன். வகுப்புத் தொடங்கியது. பன்னிரண்டு பேரில் ஐந்து பேருக்கு 3 கிலோ வேண்டும், இருப்பது ஒரு சோடி. அக்கா என்னைக் கூப்பிட்டுச் சொன்னா: "பந்தியில ஆளுக்கொரு கறி வைக்க ஏலாது தம்பி." அவ சொன்னது முழுச் சரி. பின்னேரம் வருகிறவர்களுக்குப் பல அளவில் ஒவ்வொரு சோடி. வகுப்புக்குச் சில அளவில் பன்னிரண்டு சோடி. இரண்டும் வேறு கொள்முதல். இப்போது 2 கிலோ, 3 கிலோ பன்னிரண்டு சோடி, 5 கிலோ எட்டுச் சோடி, ஸ்டெப் பலகை பன்னிரண்டு.

வகுப்புச் சாமான் இன்னொரு சோதனையையும் தாண்ட வேண்டும்: பத்து நிமிடத்தில் இரண்டு பெண்கள் அதை எடுத்து ஒதுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அதே வெல்டிங் கடையில் சில்லுப் பூட்டிய மூன்று தட்டு வண்டி செய்வித்தோம். வீதிப் பக்கக் கண்ணாடிக்குத் தடித்த திரை, கதவுக்கு உட்பூட்டு. காத்தான்குடியில் இருந்து வரும் ராத்தாமாருக்கு இது முதல் தேவை, எந்த மெஷினைவிடவும். திரை போட்ட மாதம் வகுப்பு நிரம்பியது. ட்ரெட்மில் வரிசை தெரியட்டும் என்று திறந்து வைத்த அதே கண்ணாடி இது.

ரப்பர் பட்டிகளால் ஒரு பயம் வந்தது. சன்னலோரம் தொங்கவிட்டிருந்தேன். ஒரு காலை, இழுத்துக்கொண்டிருந்த ராத்தா ஒருவரின் கையில் பட்டி அறுந்து முகத்துக்குப் பக்கத்தால் அடித்துப் போனது. நல்ல காலம், கண்ணில் படவில்லை. வெயிலும் சூடும் லேற்றெக்ஸ் ரப்பரை உலர்த்திவிடும். வெளிச்சத்துக்கு நேரே இழுத்துப் பிடித்தால் ஊசித் துளைபோல வெள்ளைப் புள்ளிகள் தெரியும், தெரிந்தால் குப்பைக்கு. இப்போது மூடிய பெட்டியில், பவுடர் தூவி வைக்கிறோம். தொடைக்குப் போடும் வளையங்களைத் துணியில் நெய்ததாக மாற்றிவிட்டோம்.

வயதானவர்களின் பகுதிக்குத்தான் நான் அதிகம் யோசித்தேன், செலவோ குறைவு. அம்மாவின் சிநேகிதி ஒருவர், நாங்கள் மாமி என்று கூப்பிடுவோம், 68 வயது. கால் பலத்துக்கென்று, காலால் பாரத்தைத் தள்ளும் லெக் பிரஸ்ஸில் இருத்தினேன். தட்டு ஒன்றும் போடவில்லை, ஆனாலும் அசைக்க முடியவில்லை. பாரம் போடாத அந்தச் சாய்வுச் சட்டமே 40 கிலோவுக்கு மேல். எனக்கு அது 'வெறும்' மெஷின், மாமிக்கு அது மலை. மாமியின் முகம் வாடியதை நான் மறக்கவில்லை. அடுத்த நாள் பிளைவுட்டில் 45 சென்ரிமீற்றர் உயரப் பெட்டி ஒன்று அடித்தேன். அதில் இருந்து எழும்புவது, திரும்ப இருப்பது. முடியாதபோது மேலே ஒரு மெத்தை வைத்து உயரத்தைக் கூட்டுவது, வாரங்கள் போகப்போக மெத்தையை எடுப்பது. அந்தப் பகுதியிலேயே அதிகம் உழைப்பது அந்தப் பெட்டிதான்.

கேபிள் மெஷினில் ஒரு விடயம் விற்கிறவர்கள் சொல்வதில்லை. இரண்டு பக்கமும் கைபிடி உள்ள வகையில் கப்பி பொதுவாக இரண்டுக்கு ஒன்று. பாரத் தட்டு அடுக்கில் 10 என்றிருந்தால் கையில் வருவது 5. வயதானவர்களுக்கும் காயத்திலிருந்து மீள்கிறவர்களுக்கும் இது வரம், பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். பலசாலிப் பொடியனுக்கு அடுக்கு சீக்கிரம் தீர்ந்துவிடும். எனவே எதற்கு வாங்குகிறோம் என்று தெரிந்தபின் கப்பி விகிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.

கல்முனையில் என் மச்சான் பாரந்தூக்கும் பிள்ளைகளுக்கென்று ஒரு சிறிய கழகம் தொடங்கினான். 2022 பேர்மிங்காம் பொதுநலவாயப் போட்டியில் திலங்க இசுரு 55 கிலோப் பிரிவில் வெண்கலம் எடுத்ததை அவனுடைய பிள்ளைகள் இன்றும் கதைக்கிறார்கள். ஏ4 வீதியில் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் போய் அவனுடைய பட்டியலைப் பார்த்தேன்; அதில் இரண்டு ட்ரெட்மில். வெட்டினேன். அவனுக்கு வேண்டியது 20 கிலோ ஆண்கள் பார், 25 மில்லிமீற்றர் தடிப்புள்ள 15 கிலோ பெண்கள் பார், 450 மில்லிமீற்றர் ரப்பர்த் தட்டு, மேடை. பாரின் நுனிக்குப் பெயரிங் இங்கேதான் வேண்டும், கையில் பார் சுழல வேண்டுமே. பழைய ரயர்த் துகளில் செய்த தட்டு மலிவு, ஆனால் அதிகம் துள்ளும்; சின்னப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் துள்ளல் குறைந்ததை எடுக்கச் சொன்னேன். மேடையை இரண்டு நாளில் போட்டோம்: எட்டுக்கு நாலடிப் பிளைவுட் நெடுக்காக இரண்டு, அதன் மேல் குறுக்காக இரண்டு, நடுவில் இன்னொன்று, இரு பக்கமும் இரண்டடி அகல ரப்பர். இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வராதபடி பார்த்துத் திருகாணி போட்டோம்.

டவுனில் மாடியில் தொடங்க நினைத்த ஒருவருக்கு நான் சொன்னது சுருக்கம்: ஜிம் தளத்துக்குச் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 500 கிலோ தாங்கும்படி கணக்குப் போடுவார்கள், வீட்டுத் தளத்துக்கு 150, 200 அளவில்தான். பொறியியலாளர் கையெழுத்து வைக்காமல் அங்கே ராக் வேண்டாம். அவர் வகுப்பு மட்டும் நடத்துகிறார்.

எங்கள் ட்ரெட்மில் இப்போது ஒன்று, எஸ் வகை, பாவித்தது. அதற்குப் பின்னால் இரண்டு மீற்றர் வெறுமையாக விட வேண்டும், விழுந்தால் சுவரில் மோதாமல் இருக்க. அதையும் தாண்டி, மற்ற மூன்றும் நின்ற இடம் இருக்கிறது. அங்கே தரையில் நாலு மீற்றர் நீளத்துக்கு மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரம் மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியும் பலப் பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டல் சொல்கிறது. மாமி திங்கள், புதன், வெள்ளி வருகிறா. குதிகாலை மற்றக் காலின் பெருவிரலோடு ஒட்டி வைத்து, அந்தக் கோட்டின் மேல் போய்த் திரும்புகிறா. போன மாதம்வரை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவ. இந்த வெள்ளி கையை எடுத்துவிட்டு, "நீ அங்கால போய் நில்லு மனே" என்று என்னைக் கோட்டின் மற்ற நுனிக்கு அனுப்பினா.